கருமத்தம்பட்டியில் நின்ற வண்டி

அக்பர் அலி: …அதெல்லாம் இருக்கட்டுங்க அம்மணி. வேன் ஒண்ணு வேணும்னு உக்கடத்துக்கு ஆள் தாட்டியுட்டீங்க. நானும் பஸ்ஸப் புடிச்சு சூலூர் வந்துட்டேன். எந்த மாதிரி வேன், எந்த வருசத்து வேன், அதச் சொல்லுங்க மொதல்ல.

பொற்கொடி: வேன் வேணுமுங்க பாய். இப்பத் தைக்கற நைட்டியெல்லாம் காருக்குள்ள அடைய மாட்டீங்குது. ஆனா உங்ககிட்ட வாங்கறதுக்குத்தான்… சித்த யோசனையா இருக்குதுங்க.

அக்பர் அலி: எங்கிட்ட வாங்க என்னங்க யோசனை?

பொற்கொடி: நீங்க குடுத்த காரு மொத நாளே நடு ரோட்டுல நின்னுபோச்சுங்களே.

ஜெரோம்: பொற்கொடி… அது எந்தக் காலத்துக் கதை. பாய்க்கு டீ ஆறுது பாரு.

பொற்கொடி: ஆறுனா வேற போட்டுத் தாரேன். ஏனுங்க, நீங்க ஊரெல்லாம் சொல்லலாம், நான் ஊட்டுக்குள்ள சொன்னா மட்டும் பழைய கதையாக்கும்?

ஜெரோம்: நான் எங்க சொன்னேன்…

பொற்கொடி: சலூன்ல சொன்னீங்க. ராசப்பன் டீக்கடையில சொன்னீங்க. இப்ப ஆர்.எஸ்.புரத்துல நைட்டி எறக்கப் போனப்ப அரங்கசாமி அண்ணன் கடையிலயும் சொல்லியிருக்கீங்க. 'அக்பர் பாய் குடுத்த வண்டி கருமத்தம்பட்டியில படுத்துக்கிச்சு'ன்னு.

ஜெரோம்: அது ஒரு பேச்சுக்கு… சிரிக்கறதுக்குச் சொன்னது.

அக்பர் அலி: இரு தம்பி. அரங்கசாமிகிட்டயா சொன்னே?

ஜெரோம்: ஆமாங்க பாய்… ஏன்?

அக்பர் அலி: ஒண்ணுமில்ல. அவருக்கு ஒரு மாருதி பாத்து வெச்சிருந்தேன். நல்ல வண்டி. சேரின்னவரு, திடீர்னு வேண்டாம்னுட்டாரு. காரணம் கேட்டாச் சிரிக்கறாரு. 'உங்க வண்டியெல்லாம் எளநிக் கடையப் பாத்தா நின்னுக்குமாமே பாய்'ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இப்பத்தான் புரியுது.

ஜெரோம்: அய்யோ…

அக்பர் அலி: அய்யோங்கறது இருக்கட்டும். நான் குடுத்த வண்டி நின்னுச்சா?

ஜெரோம்: …நின்னுச்சுங்க.

அக்பர் அலி: அது ரேஸ்கோர்ஸ் டாக்டரம்மா வண்டி. ஊட்டுலருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலருந்து ஊடு. வேற எங்கியும் போனதில்ல. நானே எறங்கிப் பாத்துத்தான் என்ற பழைய வண்டிச் செட்டுக்குள்ள நிறுத்துனேன். இன்னிக்கும் உங்க வாசல்ல நிக்குது, ரோட்டுல நின்னதா சரித்திரம் இல்ல. அன்னிக்கு மட்டும் என்னத்துக்கு நிக்கோணும்?

பொற்கொடி: அதத்தானுங்க பாய் நானும் கேக்கறேன்.

ஜெரோம்: நீ சும்மா இருக்கியா…

பொற்கொடி: நான் எதுக்குச் சும்மா இருக்கோணும். காசு என்றது, நான் தைச்சுச் சம்பாரிச்சது.

அக்பர் அலி: அது நெசந்தான். அத நான் மறக்கல. மஞ்சப் பையத் தூக்கிட்டுத் தனியா வந்து நின்னீங்க. 'ஊட்டுல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா அம்மணி'ன்னேன். ஒரு மொறை மொறைச்சீங்களே.

பொற்கொடி: 'ஆம்பளைங்க வந்தாத்தான் காரு நகருமா'ன்னு கேட்டேன்.

அக்பர் அலி: கேட்டீங்க. அதுக்கப்பறந்தான் வண்டி காமிக்கவே எந்திரிச்சேன்.

பொற்கொடி: அன்னிக்கு அம்புட்டு ரோசம் எனக்கு. அதுக்கு ரெண்டு மூணு மாசம் முந்தித்தான் பஸ்ஸுல ஒரு கண்டக்டரு சிங்காநல்லூர்ல என்னயும் மூட்டையயும் எறக்கியுட்டுட்டாரு. 'இது ஆளு ஏறற பஸ்ஸு, சரக்கு வண்டி இல்ல'ன்னு. நல்ல மழை. நைட்டியெல்லாம் நனைஞ்சு சாயம் எறங்கிருச்சு. அந்த நீலம் ரோட்டுல ஓடுது, நான் நின்னு பாத்துட்டே இருக்கேன்… அன்னிக்கு முடிவு பண்ணுனேனுங்க. இனி எவரும் என்னய எங்கியும் எறக்கியுடக் கூடாதுன்னு.

அக்பர் அலி: இத நீங்க எங்கிட்டச் சொன்னதே இல்லீங்களே.

பொற்கொடி: யாவாரம் பேச வந்த எடத்துல மூக்கச் சிந்துனா வெலை ஏத்துவீங்க.

அக்பர் அலி: அதுஞ் சேரிதான்… மொதல்ல ஒரு பச்சை வண்டி காமிச்சேன். நல்லாப் பாத்துட்டு இருந்தீங்க, திடுதிப்புன்னு வேண்டாம்னுட்டீங்க. என்ன காரணம்னு எனக்கு இன்னிக்கு வரைக்குந் தெரியல.

பொற்கொடி: இவரத்தான் கேளுங்க.

அக்பர் அலி: ஜெரோமையா? இவன் அப்ப எங்கிட்ட ஆக்டிங் டிரைவரு. வண்டியத் தொடைச்சு, வெளிய எடுத்துக் காமிக்கறது இவன் வேல.

பொற்கொடி: காமிச்சாருங்க. கதவத் தொறந்துவுடறாப்பல குனிஞ்சு, 'இது வேண்டாங்க அம்மணி, அடியில ஒட்டுப் போட்ட வண்டி'ன்னு காதுல ஓதிட்டுப் போயிட்டாரு.

அக்பர் அலி: அடப்பாவி. எங்கிட்டச் சம்பளம் வாங்கிட்டே எனக்கு ஆப்பா?

ஜெரோம்: உங்களுக்கே தெரியாதுங்க பாய் அது. குடுத்தவன் உங்கள ஏமாத்திப்போட்டான். உங்ககிட்ட அன்னிக்குச் சாயங்காலமே சொன்னேன், நீங்க திருப்பி அனுப்புனீங்க. ஞாபகமில்லீங்களா?

அக்பர் அலி: …ஆமா, அனுப்புனேன். சேரி, அதுல உம்மேல தப்பில்ல. அப்பறந்தான் இந்த டாக்டரம்மா பியட்டு வந்துச்சு. அம்மணி வந்தாங்க, பாத்தாங்க, சுத்தி ஒரு நடை நடந்தாங்க, எடுத்துக்கறேன்னுட்டாங்க. 'எனக்கு ஓட்டத் தெரியாது பாய், அன்னூர் போய் எங்கய்யன்கிட்டக் காமிச்சுட்டு அப்பறம் சூலூர் போகோணும், ஆளு குடுங்க'ன்னாங்க. ஜெரோமத் தாட்டியுட்டேன்.

ஜெரோம்: தாட்டியுட்டீங்க. பின் சீட்டுல ஏறி உக்காந்தாங்க மொதலாளியம்மா. கணபதி பஸ் ஸ்டாப்பு தாண்டற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. நானும் பேசல.

பொற்கொடி: பேசற நெலமையிலயா இருந்தேன். கைய சீட்டு மேல வெச்சு வெச்சுப் பாத்துட்டு வந்தேன். இது என்றது, இது என்றதுன்னு.

ஜெரோம்: கண்ணாடியில பாத்தேன்.

பொற்கொடி: ரோட்டப் பாக்காம இதெல்லாம் எதுக்குப் பாத்தீங்க?

ஜெரோம்: டிரைவரு பின்னாலயும் பாக்கோணும்.

அக்பர் அலி: அன்னூர்ல உங்க அப்பா என்ன சொன்னாரு?

பொற்கொடி: எங்கய்யன் திருமலைசாமி ஒண்ணுமே சொல்லலீங்க பாய். அவரு காலமெல்லாம் அடுத்தவங்க தோட்டத்துல வேல செஞ்சவரு. பண்ணையத்துக்காரரு காரு வந்து நின்னா எட்டப் போய் நிப்பாரு. அன்னிக்கும் அதே மாதிரி கையப் பின்னால கட்டிட்டு எட்டவே நிக்கறாரு. 'அய்யா, நம்முளுது, வந்து உக்காருங்க'ன்னேன். வரல. அழுக்காயிரும்ங்கறாரு. தோட்டத்துலருந்து நேரா வந்திருக்காரு, காலெல்லாஞ் சேறு.

அக்பர் அலி: அப்பறம்?

பொற்கொடி: இவருதானுங்க எறங்கிப் போனாரு. தன்ற செருப்பக் கழட்டி எங்கூட்டு வாசல்ல போட்டாரு. வாய்க்கா மேட்டுல நின்னு கால நல்லாச் சேத்துல வெச்சு எடுத்தாரு. அதே காலோட வந்து ஸ்டீரிங்கு முன்னால உக்காந்து, 'இப்ப வாங்கய்யா, ரெண்டு பேரும் ஒரே அழுக்கு'ன்னாரு.

அக்பர் அலி: ஏறுனாரா?

பொற்கொடி: எங்கய்யன் சிரிச்சுட்டாரு. வந்து முன் சீட்டுல உக்காந்தாரு. ஊரச் சுத்தி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பண்ணையத்துக்காரரு ஊட்டு வழியாவே திரும்பி வந்தாங்க. கண்ணாடிய எறக்கிட்டுக் கைய வெளிய வெச்சுட்டு உக்காந்திருந்தாரு எங்கய்யன். அந்தக் கைய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க.

அக்பர் அலி: நல்ல காரியம் பண்ணியிருக்கே தம்பி. இத நீ டீக்கடையில சொல்லலியே.

ஜெரோம்: இதெல்லாம் சொல்றதுக்காங்க பாய்…

அக்பர் அலி: என்ற வண்டி நின்னதுதான் சொல்றதுக்கு?

பொற்கொடி: அங்கிருந்து சூலூருக்குத் திரும்பி வரப்பத்தானுங்க நின்னுச்சு. கருமத்தம்பட்டி தாண்டி, ஒரு எளநிக் கடை முன்னால. கரெக்டா கடை முன்னால.

ஜெரோம்: அது… பள்ளமா இருந்துச்சு, உருண்டு வந்து நின்னுச்சு.

பொற்கொடி: பானெட்டத் தொறந்தாரு. அதத் தட்டுனாரு, இதத் தொட்டாரு. 'சூடாயிருச்சுங்க அம்மணி, ஆறட்டும், எறங்கி உக்காருங்க'ன்னாரு. எளநி சொன்னேன், ரெண்டு. ஒண்ண இவருகிட்ட நீட்டுனேன். வாங்கவே மாட்டேங்கறாரு.

ஜெரோம்: எத்தனையோ பேரு வண்டிய எடுத்துட்டுப் போய் உட்டிருக்கேன். நில்லுன்னா நிப்பேன், போன்னா போவேன். பக்கத்துல உக்காந்து குடின்னு ஒருத்தருஞ் சொன்னதில்ல. எனக்குக் கை வரல.

பொற்கொடி: அப்பறம் குடிச்சாரு. பேச ஆரம்பிச்சாரு பாருங்க பாய்… பொழுது எறங்கறது தெரியாமப் பேசுனாரு. எளநிக் கடைக்காரரு கடையக் கட்டிட்டாரு. வண்டி ஆறுச்சா இல்லியான்னு ரெண்டு பேருமே பாக்கல.

அக்பர் அலி: உங்களுக்கு நல்லதாத்தான் முடிஞ்சிருக்குது. கல்யாணத்துக்கு வந்து பிரியாணி தின்னவன்தான் நானும். ஆனா அம்மணி, எம்பேரு என்ன ஆவறது? உக்கடத்துல எனக்கு இருக்கறது பேரு ஒண்ணுதான். அக்பர் சொன்னாச் சேரியா இருக்கும்னு வாரவங்கதான் எனக்குச் சோறு. கெட்ட வண்டி குடுத்தேன்னு நீங்க நெசமாவே நெனைச்சா, இந்த வேன் யாவாரம் எனக்கு வேண்டாங்க. வேற ஆளப் பாத்துக்கங்க. நான் கெளம்பறேன்.

ஜெரோம்: பாய், உக்காருங்க.

அக்பர் அலி: இல்ல தம்பி. பஸ்ஸு இருக்குது.

ஜெரோம்: உக்காருங்க பாய்… வண்டி நிக்கலீங்க.

அக்பர் அலி: என்ன?

ஜெரோம்: நிக்கல. நாந்தான் நிறுத்துனேன்.

அக்பர் அலி: புரியறாப்பல சொல்லு.

ஜெரோம்: அந்தப் பள்ளத்துல வாரப்பச் சாவிய ஆஃப் பண்ணிப்போட்டேன். வண்டி தானா உருண்டு கடை முன்னால வந்து நின்னுச்சு. பானெட்டத் தொறந்து சும்மா கைய உட்டு ஆட்டுனேன். ஒண்ணுஞ் சூடாகல. வண்டி தங்கமான வண்டிங்க.

அக்பர் அலி: எதுக்குடா?

ஜெரோம்: சூலூர் வந்துட்டாச் சாவியக் குடுத்துட்டுப் பஸ் ஏறோணும். அதுக்கப்பறம் நான் யாரோ, அவங்க யாரோ. எனக்கு… மனசு வரலீங்க பாய். இன்னுங் கொஞ்ச நேரம் இருந்தாத் தேவலைன்னு தோணுச்சு. அப்பறம் இவகிட்டச் சொல்ல வாயெடுப்பேன், திருட்டுப்பயன்னு நெனைச்சுக்குவாளேன்னு முழுங்கிக்குவேன். வெளியில சிரிச்சுட்டே சொல்லிச் சொல்லி, நின்ன மாதிரியே ஆயிப்போச்சு. உங்க பொழப்புல மண்ணு உழுகும்னு நெனைக்கவே இல்லீங்க. திட்டுங்க பாய்.

அக்பர் அலி: என்னத்தத் திட்டறது. நல்ல வண்டிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துப் பொண்டாட்டி கட்டியிருக்கே. நாளைக்குக் காலையில அரங்கசாமி கடைக்கு எங்கூட வாரே. அங்க சொன்னதெல்லாம் அங்கயே நின்னு மாத்திச் சொல்றே.

ஜெரோம்: வாரேனுங்க. ராசப்பன் கடையிலயுஞ் சொல்லிப்போடறேன்.

பொற்கொடி: வேன் உங்க கையால வாரதுதானுங்க பாய். அதுல மாத்தமே இல்ல. அரங்கசாமி அண்ணன் உங்க மாருதிய வேண்டாம்னது காதுக்கு வந்துச்சு, அதான் இன்னிக்கு வேணும்னே கெளறுனேன். கோவிச்சுக்காதீங்க.

அக்பர் அலி: அப்ப, வண்டி தானா நிக்கலைன்னு சந்தேகம் இருந்துச்சாக்கும் உங்களுக்கு?

ஜெரோம்: இவளுக்கென்னங்க சந்தேகம், அப்ப இவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? கிளட்ச்சு எது பிரேக்கு எதுன்னு தெரியாது. கல்யாணத்துக்கப்பறம் நாந்தான் பக்கத்துல உக்காந்து பழக்குனேன். ஒரே வாரத்துல ரிவர்ஸ் வரைக்கும் எடுத்துட்டா.

அக்பர் அலி: ஒரே வாரத்துலயா?

ஜெரோம்: சொல்லிக் குடுத்த ஆளு அப்படிங்க பாய்.

அக்பர் அலி: என்னங்க அம்மணி, வாயப் பொத்திட்டுச் சிரிக்கறீங்க?

பொற்கொடி: இல்லீங்க பாய்… சாவிய ஆஃப் பண்ணுனத நான் பின்னால உக்காந்து பாத்துட்டேதான் இருந்தேன்.

ஜெரோம்: பாத்தியா? பாத்தாலும் அது என்னன்னு உனக்கெப்படி…

பொற்கொடி: பீளமேட்டு டிரைவிங் ஸ்கூல்ல அது மொத நாள் பாடமுங்க. உங்க செட்டுக்கு வாரதுக்கு முந்தியே லைசென்சு எடுத்துப்போட்டேன் பாய்… ஓட்டத் தெரியாதுன்னு சொன்னாத்தானுங்களே இவரத் தாட்டியுடுவீங்க.