அருளாயி சுத்து

அந்தக் காலத்துல வைகைக்குத் தெக்க ஒரு பொம்பளப் புள்ளைக காலேஜு இருந்துச்சாம். இருந்துச்சாம் என்ன, இதே காலேஜுதான்டி! நீங்க நிக்கிற இதே சாப்பாட்டு ஹாலுதான்.

அங்க அருளாயின்னு ஒருத்தி படிக்க வந்தாளாம். சேரியில இருந்து இந்த ஆஸ்டலுக்கு வந்த மொதப் புள்ள. அவ அப்பா தகரப்பெட்டியத் தலையில வச்சுப் பதினாறு மைல் நடந்து வந்து விட்டாராம். "பட்டம் வாங்கிட்டுத்தான் வரணும் தாயி"ன்னு சொல்லிட்டுப் போனாராம்.

ஹால்ல ரெண்டு நீளப் பெஞ்சு. அருளாயிக்கு மட்டும் ஆட்டுரலுப் பக்கத்துல ஒரு தனிப் பலகை. வார்டன் மிஸ் போட்ட சட்டமாம். ஒரு மாசம் அங்கனதான் சாப்பிட்டா. உள்ளுக்குள்ள கொதிச்சுச்சாம். கொதிக்காதா பின்ன?

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமதான் கறிக்குழம்பு. எல்லாரும் உக்காந்து, மிஸ் ஜெபம் சொன்னப்புறந்தான் வாயில வைக்கணும். அன்னைக்குக் கறிச்சோத்த வாங்குன அருளாயி, நேரா போயி நடுப் பெஞ்சுல உக்காந்துட்டா!

பெஞ்சுல இருந்தவளுக தட்டத் தூக்கிட்டு எதிர்ப் பெஞ்சுக்கு ஓடுனாளுக. அருளாயி என்ன செஞ்சா? அவளும் தட்டத் தூக்கிட்டு அங்க போனா. அவளுக இங்க வந்தாளுக. இவளும் இங்க வந்தா. அவளுக அங்க, இவ அங்க. அவளுக இங்க, இவ இங்க. அறுபது பேரும் தட்டும் கையுமா ஹாலச் சுத்துறாளுக, கறி ஆறுது, ஜெபம் நடக்கல!

வார்டன் மிஸ் கத்துனாங்களாம்: "அருளாயி! பலகைக்குப் போ. இல்லன்னா காலைல மொத பஸ்ஸுல ஊருக்குப் போ!"

படிப்புப் போச்சுன்னு அருளாயிக்குத் தெரிஞ்சுருச்சு. ஆனாலும் சொன்னாளாம்: "ஊருக்குப் போறேன் மிஸ். பலகைக்குப் போக மாட்டேன்." சொல்லிட்டு, பக்கத்துல இருந்த பெஞ்சுல உக்காந்துட்டா.

மிஸ் போட்ட சத்தத்துல உக்காந்திருந்த எல்லாவளும் மறுபடி எந்திரிச்சாளுக. ஒருத்தி மட்டும் எந்திரிக்கல. பண்ணையார் மக குணவதி.

"ஏய், எந்திரிடி!"

"போங்கடி அங்கிட்டு! மாசம் பூரா இந்தக் கறிக்குக் காத்துக் கெடந்தேன். இனி என்னால சுத்த முடியாது."

அப்புறம் அருளாயி தட்ட எட்டிப் பாத்தாளாம். "ஒனக்கு மட்டும் நெஞ்செலும்பா? எனக்குக் குடுடி!" கேட்டவ, குடுக்குற வரைக்கும் நிக்கல. ஜெபமும் இல்ல ஒண்ணும் இல்ல, எடுத்துக் கடிச்சுட்டா!

மொதல்ல சிரிச்சது அருளாயிதானாம். குணவதியும் எலும்பும் வாயுமாச் சிரிச்சா. அப்புறம் ஒருத்தி உக்காந்தா, ரெண்டு பேரு உக்காந்தாளுக, கடைசில அறுபதும் உக்காந்துருச்சுக. "மிஸ், ஜெபத்தச் சொல்லுங்க, பசிக்குது!"ன்னு கத்துனாளுக. மிஸ்ஸும் ஜெபம் சொன்னாங்களாம், பல்லக் கடிச்சுக்கிட்டே. அறுபது பேரையும் பஸ் ஏத்த முடியுமா?

குணவதி பெரிய நல்லவன்னு நான் சொல்லலடி. அவ பசிச்சவ. அசராம நின்னவ அருளாயி. மறுநா மொத பஸ்ஸு அவ இல்லாமத்தான் போச்சு. மூணு வருஷங்கழிச்சுப் பட்டத்தோட போனா மகராசி.

அதுலருந்துதான் வருஷா வருஷம் புதுப் புள்ளைக தட்டோட பெஞ்சச் சுத்துறது. அதுக்குப் பேரே அருளாயி சுத்து. ஜெபம் ஆரம்பிச்சா நின்ன எடத்துல உக்காரணும். பக்கத்துல இருக்கவ தட்டுல இருந்து ஒரு துண்டு எடுத்துத் திங்கணும். தட்டக் கழுவுற வரைக்கும் "நீ எந்தத் தெரு"ன்னு ஒருத்தியும் கேக்கக் கூடாது.

கழுவுனப்புறம் கேளு, யாரு வேணாம்னா? அதுக்குள்ள அவ தட்டுக் கறி ஒன் வயித்துக்குள்ள போயிருக்கும்டி!