வினோதா கொடுத்த பி.பி. நம்பர்

எங்கள் வீட்டு போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது, சார். போன டிசம்பரில் நீங்கள் புனேயிலிருந்து பேசியபோதும் தெளிவாகக் கேட்டது. வினோதாவின் கல்யாண வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று இப்போது கடிதத்தில் விசாரித்திருக்கிறீர்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

திருவேட்டக்குடியில் எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான். விண்ணப்பங்களில் எல்லோரும் எங்கள் எண்ணைத்தான் பி.பி. என்று எழுதுவார்கள், அழைப்பு வந்தால் நான் போய்க் கூப்பிடுவேன். உங்களுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் வினோதாவும் அதைத்தான் எழுதினாள்.

அவளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தத் தெருவில் முதல் பட்டதாரியும் நான்தான். மூன்று வருடம் ஆய்வேடு எழுதினேன். ஆதிப் பிரபஞ்சமெங்கும் பரவிய புற ஊதாப் பின்னணிக் கதிர்வீச்சு சின்ன கேலக்ஸிகளின் வாயுவைச் சூடாக்கிவிடும். அதைப் பிடித்துவைக்க அவற்றுக்கு ஈர்ப்பு போதாது. அங்கே நட்சத்திரம் பிறக்காது. அவள் நண்டுக்கால் கடித்துக்கொண்டே படித்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏன்க்கா, மூணு வருசமா இருட்டு இருட்டுங்கிறியே, உள்ள எட்டிப் பாத்தியா? நடுவுல வாயு அடர்த்தியா கெடந்தா வெளிச்சத்த ஓரத்துலயே மறிச்சிரும்ல? அங்க பொறக்குமே!”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்கு இல்லை என்று நீங்கள் சொன்ன ஆராய்ச்சி இடத்துக்கு அவளைக் கூப்பிட்டீர்கள்.

கடிதம் வந்துசேர நாளாகும், திங்கட்கிழமை நேர்காணல், வெள்ளிக்கிழமையே கிளம்பச் சொல்லுங்கள் என்றீர்கள் போனில். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வரமாட்டாள் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. யோசித்த பிறகும் திருத்தவில்லை.

தினமும் வாசலில் வந்து நின்றாள். “போன் வந்துச்சாக்கா?”

“வரலடி. வந்தா ஓடியாந்து சொல்லமாட்டனா?”

வெள்ளிக்கிழமை பஸ் ஏறியிருக்க வேண்டியவள், ஞாயிறு காலையில் கரையில் அம்மாவோடு மீன் அலசிக்கொண்டிருந்தாள். கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு மேட்டில், ரோட்டோரம். அவள் அம்மா ராசாத்தி ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது. மூன்றாம் நாள் வினோதாவை அடையாளம் காட்டியது நான்.

“பாழாப்போன புனேக்காரன் ஒரு போன் போட்டிருந்தா எம்பொண்ணு இருந்திருக்கும்” என்று ராசாத்தி இன்றைக்கும் உங்களைத்தான் திட்டுகிறது. நான் மறுத்துப் பேசுவதில்லை. அலையை நான் அனுப்பவில்லை.

அவள் கணக்கு நோட்டு பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலமே கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். அவள் உழைப்பு வீணாகக் கூடாது. அவளுக்கென்று அக்கறைப்பட என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சார்.