அந்த வீட்டு ரத்தம்

— நீ கெஞ்சினாலும் ஒண்டுதான், அழுதாலும் ஒண்டுதான், றுமானா. இந்தச் சம்பந்தம் முறிஞ்சது முறிஞ்சதுதான். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு லிங்கநகருக்கு பஸ் ஏறு.

— கெஞ்ச வரல்ல மாமி. காரணத்தை உங்கட வாயால கேக்க வந்தனான்.

— காரணமா? ஊரே சிரிக்குது! உன்ட வாப்பா மாசக்கணக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மனுஷன். குளிசை போட்டாத்தான் வாய் திறப்பார். அது ரத்தத்தில ஓடுற சாமான், புள்ள. நாளைக்கு என்ட பேரப்புள்ளயும் மூலையில குந்திக்கொண்டு சுவரைப் பாக்கும்.

— நிலாவெளியில வலை இழுக்கப் போன என்ட தம்பி கடலில மூழ்கி மவுத்தான பிறகுதான் வாப்பா அப்பிடி ஆனவர். ரத்தத்தால கொஞ்சம் வரலாமாம், பட்ட பாட்டால கொஞ்சம் வரலாமாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல ஏலாது எண்டு டொக்டரே சொன்னவர்.

— டொக்டருக்கு ஏலாட்டி எனக்கு ஏலும்! ஆளைப் பாத்த உடனேயே பரம்பரையைச் சொல்லிப்போடுவன். அதோட, கலியாணம் முடிஞ்சா எங்கட வழக்கப்படி என்ட மகன் அகீல்தானே உங்கட வீட்டில வந்து இருக்கணும்? ரத்தமும் அங்க, அந்த வீட்டுச் சீத்துவக்கேடும் அங்க. என்ட புள்ள ரெண்டாலயும் நாசமாப் போவான்.

— அப்ப இண்டைக்கு வரைக்கும் அவர் எதாலயும் கெடல்லயா மாமி?

— சும்மா போ புள்ள! அவன்ட பரம்பரையில ஒருத்தருக்குத் தலையிடி வந்ததெண்டு காட்டு பாப்பம். துறைமுகத்தில அத்தனை பேரோட வேலை செய்யிறான், அவன்ட குரலை ஒருத்தன் கேட்டிருப்பானா?

— நான் கேட்டனான். திங்கக்கிழமை, மூதூர் படகுத்துறையில. கலியாணத்துக்குப் பிறகும் வாப்பாவை நான்தான் பாப்பன் எண்டு சொன்னன். கத்தினார், பிறகு அடிச்சுப்போட்டார்.

— பொய்! என்ட புள்ள கை நீட்ட மாட்டான். சம்பந்தம் கை நழுவின கொதியில கதை கட்டுறாய்.

— இந்தாங்க, நீங்க போட்ட மோதிரம். இதையும் தரத்தான் வந்தனான். நீங்க முறிக்க முதலே, அண்டைக்கே நான் முறிச்சிட்டன்.

— நில்லு. முக்காட்டை விலக்கு. வாயோரம் கிழிஞ்சிருக்கே... புறங்கையாலயா அடிச்சவன்?

— ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மாமாவும் உங்களுக்கு இப்பிடித்தான் அடிக்கிறவரா?

— அந்த மனுஷன் மவுத்தாகுமட்டும் ஒருத்தர் மேலயும் கை வச்சதில்ல, மகள். சின்னனில அகீல் அழுதா, புறங்கையால வாயில அடிச்சு அடக்கினது நான்தான்.