ஒவ்வொரு மனுவிலும் ஒரு தப்பு

நாற்காலி கிடைக்காமல் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் என் சகோதரிகளே, முதல் வணக்கம் உங்களுக்குத்தான். தலைமை ஏற்றிருக்கும் மனு எழுதுவோர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி ஐயா அவர்களே, மனைவியை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் நமக்காக வந்து அமர்ந்திருக்கும் பிலவேந்திரன் ஐயா அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, வணக்கம். நான் கமலா. பள்ளிக்கூட ஆசிரியை.

மார்கரெட் அம்மாள் மறைந்துவிட்டார். தாலுகா ஆபீஸ் எதிரில், சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே, இருபத்திரண்டு ஆண்டுகள் டைப் மெஷினோடு உட்கார்ந்திருந்தவர் இனி அங்கே இல்லை. மணலூர்பேட்டை வயல்காட்டிலிருந்தும், எலவனாசூர்கோட்டையிலிருந்தும், இங்கே கருணாபுரத்திலிருந்தும், மேலே கல்வராயன் மலையிலிருந்தும் பெண்கள் தேடி வந்த இடம் அது. எத்தனை சாதி, எத்தனை சாமி, எத்தனை வழக்கம்! அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான் மனு அடித்தார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. நல்ல மனுஷி, ஆனால் கண் சரியில்லை, மனுவில் ஏதாவது ஒரு தப்பு வந்துவிடும் என்று. தெய்வசிகாமணி ஐயாவே எத்தனை முறை சொல்லியிருக்கிறார், "எம்மா, கண்ணாடிய மாத்துங்கம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று! ஐயா, அந்தக் கண்ணில் ஒரு குறையும் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில், எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார்கள். மனு எழுதப் போனேன். என் பணிக்காலம் பதினாறு வருடம். மார்கரெட் அம்மாள் ஒன்பது வருடம் என்று அடித்தார். நிறுத்தி நிதானமாக வாசித்தார். "சரிதானே டீச்சர்?" என்றார். தப்பு என்று எனக்குத் தெரிந்தது. பெரியவரிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். என் உழைப்பில் ஏழு வருடத்தை நானே விட்டுக்கொடுத்துத் தலையாட்டினேன்! "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாளும் அதே ஒன்பது. அதே தலையாட்டல்.

மூன்றாம் நாள் எனக்கு முன்னால் கருணாபுரத்து ஜெயம்மாள் நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர். பாதி வாசிக்கும்போதே மேஜையில் ஓங்கித் தட்டினார். "எம்மோவ், நிறுத்து! எங்கூட்டுக்காரு பேர ஏன் போட்ட? வூடு எம்பேர்லதான கீது!"

அப்போது மார்கரெட் அம்மாள் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "இதுக்குத்தான்டி உக்காந்துக்கினு கீறேன்" என்று தாளை உருவிக் கிழித்துப் புதுத்தாள் சொருகினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேண்டுமென்றே! ஒவ்வொரு மனுவிலும் ஒரு தப்பு, வேண்டுமென்றே! பட்டம் படித்த எனக்கு அதை நிறுத்த மூன்று நாள் பிடித்தது. ஜெயம்மாளுக்கு மூன்று நிமிடம். வெட்கத்தோடு காரணம் கேட்டேன். "உள்ள போனா ஆபீசர் கேள்வி கேப்பாரு டீச்சர். எங்கிட்டயே தப்புன்னு சொல்ல வாய் வராதவ, அவருகிட்ட இன்னா சொல்லுவா?" என்றார்.

அந்தப் பிடிவாதம் ஒருமுறை பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விட்டது. எண்பத்தேழு செப்டம்பர். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ராஜாம்பாள் வந்தார். அவர்கள் ஊரில், பிடிக்காத புருஷனை விட்டு ஒரு பெண் விலகி வரலாம். யாரும் தூற்றமாட்டார்கள். ஆனால் பிள்ளை புருஷன் வீட்டுக்குப் போய்விடும். கீழே நம் வீடுகளில் பிள்ளை தாயின் இடுப்பில்தான் இருக்கும்; அவளால்தான் வாசலைத் தாண்ட முடியாது. "அவங்களுக்கு ஒரு பூட்டு, நமக்கு ஒரு பூட்டு. யாரும் யாரையும் பாத்து ஐயோ பாவம்னு சொல்றதுக்கு இல்ல டீச்சர்" என்பார் அம்மாள்.

ராஜாம்பாளின் நான்கு வயது மகளை ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்தில் தகப்பன் வீட்டாரிடம் ஒப்படைக்க இருந்தார்கள். பெரியவர்களிடம் கொடுக்க அவருக்கு ஒரு மனு வேண்டும். அம்மாள் "என் மகனை" என்று அடித்து வாசித்தார். ராஜாம்பாள் தலையாட்டினார். மூன்று முறை வாசித்தார். மூன்று முறையும் தலையாட்டல்தான். "நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சாலைகள் அடைபட்டன. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மறியலுக்குப் பயந்து ராஜாம்பாள் முந்தின மாலையே கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. மனு இங்கே, குழந்தை அங்கே. "எம்மேலதான் தப்பு" என்று மார்கரெட் அம்மாள் எழுந்தார். ஐம்பத்தெட்டு வயது! மலைக்கு நடந்தே கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. ஓர் இளைஞர் மறித்தார். "எம்மா, இன்னிக்கு ஈ காக்கா போவாது. எங்க போய்க்கினு கீறீங்க?"

"ஒரு தப்பத் திருத்தணும்பா."

"எங்க?"

"மலை மேல."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் துண்டறிக்கையை நீட்டினார். அம்மாள் அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்து, ஓரமாகச் சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அதை உரக்க வாசித்தார். "எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் உரிய பங்கு வேண்டும்." வாசித்துவிட்டு, "சரியா கீதா?" என்று கேட்டார்.

கரண்டியோடு ஒரு பெண் நிமிர்ந்தார். "புள்ளைங்கன்னா யாருங்க? எம்பொண்ண அஞ்சாவதோட நிறுத்துனவரு தோ, நோட்டீசு கட்டோட நிக்கிறாரு."

"ஏய், வூட்ல பேசிக்கலாம்."

"வூட்ல பேச வுட்டாத்தான!"

அவர்கள் கேட்டது நியாயமான பங்கு. அந்தப் பெண் கேட்டது அந்தப் பங்குக்குள் தன் மகளின் பங்கு. இன்று, இந்தத் தொண்ணூறாம் ஆண்டில், நாடு முழுவதும் ஒதுக்கீட்டைப் பற்றியே பேசுகிறது. எனக்கு அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வருகிறது. அறிக்கைக் கட்டோடு நின்றவரேதான் அம்மாளின் கையைப் பிடித்து மரத்தைத் தாண்டவைத்தார்.

இரண்டு நாள் நடந்தோம். பாதங்கள் வீங்கின. "மகன் என்பதை மகள் என்று திருத்திக் கொடுத்துவிடுங்களேன் அம்மா, இப்போதாவது" என்று கெஞ்சினேன். அவர் மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

ஞாயிறு காலை. ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் ஆண்கள். மார்கரெட் அம்மாள் மனுவைப் பிரித்தார். "என் மகனை என்னிடமே விட வேண்டும்" என்று வாசித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பெரியவர், "மகனா? அது பொட்டப்புள்ளயாச்சே!" என்று வாயெடுத்தார். அம்மாள் கையை உயர்த்தினார். "நீங்க சொல்லாதீங்க ஐயா. பெத்தவ சொல்லட்டும்."

முன்வரிசை முழுவதும் பின்னால் திரும்பிப் பார்த்தது. எனக்கு அது ஒரு யுகம். பிறகு ராஜாம்பாள் எழுந்தார்.

"தப்புங்க. மகன் இல்ல, மக. அவள மழையில, ஆளில்லாத கொட்டாயில நானே பெத்து நானே தொப்புள் அறுத்தேன். காய்ச்சல்ல முதுகுல கட்டிக்கினு இறங்குனது நானு. அப்பன் வூட்டுல அவளுக்கு என்னா புடிக்கும்னு ஒருத்தர் சொல்லட்டும், இப்பவே அனுப்பிடறேன்."

ஒருவரும் சொல்லவில்லை. குழந்தை தாயோடு இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடித்தார்கள்.

வழக்கம் மாறிவிட்டதா? இல்லை. மறுவருடமே அதே மலையில் வேறொரு தாய் இரண்டு பிள்ளைகளை இழந்தார். அதை நினைத்து அம்மாள் பலநாள் சாப்பிடாமல் இருந்ததை பிலவேந்திரன் ஐயா அறிவார். ஆனால் இறங்கி வரும்போது நான் கேட்டேன், "ராஜாம்பாள் பேசாமலே இருந்திருந்தால்?" அவர் நின்றார். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு டீச்சர். ஆனா அவ பேச மாட்டான்னு நானே முடிவு பண்ணிட்டா, அந்த ஆம்பளைங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அன்று என் முன்னால் நின்றவர் ஒரு மனிதப் பிறவிதானா என்று இன்றும் வியக்கிறேன்!

வரும் திங்கள்கிழமை முதல், பள்ளிக்குப் போகும் முன்பு ஒரு மணி நேரம், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நான் உட்காருவேன். டைப் மெஷினை பிலவேந்திரன் ஐயா தந்திருக்கிறார். தப்பாகத்தான் அடிப்பேன்.

நிறைவாக, இரங்கல் தீர்மானம். தலைவர் ஐயா எழுதியது. வாசிக்கிறேன். "குரலற்ற பெண்களின் குரலாக விளங்கிய மார்கரெட் அம்மையாரின் மறைவுக்கு இக்கூட்டம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது."

சரிதானே?

அவசரமில்லை. காத்திருக்கிறேன்.

யாரது? ராஜாம்பாளா? மகளையும் கூட்டி வந்திருக்கிறாயா? மைக் வேண்டாம், அங்கிருந்தே சொல். என்ன... எல்லோருக்கும் கேட்க வேண்டும், இன்னும் சத்தமாக!

"தப்புங்க. எங்களுக்குக் கொரலு இருந்துச்சு."

தெய்வசிகாமணி ஐயா, அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள்.