ரயில் கூட்டத்துக்கு இங்கிலீஷ் பேர்

தங்கவயலிலிருந்து பெங்களூர் வரும் காலை ரயில். ஜன்னலோரம் ஓர் இளம்பெண், இந்தப் பக்கம் சற்று மூத்தவள். நடுவில் ஒரு கர்ச்சீப் மட்டும் உட்கார்ந்திருந்தது, ஒயிட்ஃபீல்டில் ஏறப்போகும் அவர்கள் தோழிக்காக. நான் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

"மாட்டுக் கூட்டத்துக்கு இங்கிலீஷ்ல ஹெர்டாம்க்கா, ஓநாய்க் கூட்டத்துக்கு பேக்காம். படிச்சுக்கினே இருந்த என் பொண்ணு, 'தெனம் ரயில்ல போற உங்க கூட்டத்துக்கு இன்னா பேரும்மா?'ன்னு கேக்கறா."

"நீ இன்னா சொன்னே?"

"ஹெர்டுன்னேன். அடைச்சு வச்சுத்தானே இட்டுனு போறாங்க."

"போடி. எந்த மாடாவது இன்னொரு மாட்டுக்கு சீட்டு புடிச்சு வைக்குமா?"

"அப்போ நாம ஓநாயா?"

"பாவம், இந்தக் கர்ச்சீப்பைப் பாத்ததுக்கே இவரை நீ மொறைச்சியே, அதுக்கு வேற இன்னா பேரு வைக்கிறது?"

ஒயிட்ஃபீல்டு வந்தது. தோழி வரவில்லை, போன்தான் வந்தது. ஜுரமாம், லீவாம்.

மூத்தவள் கர்ச்சீப்பை உதறி மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உக்காருங்க சார். இன்னிக்கு ஒரு நாள் நீங்களும் ஓநாய்தான்."