வண்டிச் சத்தம்

— ஏலே விமலு! வண்டிச் சத்தத்தையே காணோம். விழுந்துட்டியா?

— இல்லக்கா. டனலுக்குள்ள போனேன். உள்ள சிக்னல் கிடைக்காது.

— சொல்லிட்டுப் போகக் கூடாது? இங்க எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.

— நார்வேல ரோடு போட்டதே மலையக் கொடஞ்சுதான்க்கா. ஒவ்வொண்ணுக்கும் சொல்லிக்கிட்டா போக முடியும்?

— சொல்லு. ஒன் வாயி தேஞ்சா போகும்? இப்ப எங்கிட்டு வார?

— இறக்கத்துல. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணி.

— டேமா?

— கடல்க்கா. மலைக்கு நடுவுல நுழைஞ்சு வந்து கிடக்கு. ஃபியோர்டும்பாங்க. நம்ம பிளவக்கல் டேம் நெறஞ்சு, அப்படியே ராஜபாளையம் வரைக்கும் நீண்டுக்கிட்டே வந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு.

— வந்தா கூமாப்பட்டிக்காரன் பொழப்பு என்னத்துக்கு ஆகும்? நெல்லு பூரா முங்கிப்போகும். தடுப்பு இருக்கா?

— எதுக்கு?

— ரோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுலலே.

— இருக்கு, இருக்கு. நீ சாப்ட்டியா?

— ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்க? மில்லு லீவுன்னா வயித்துக்கும் லீவுதான். பக்கத்து வீட்டு யுவராணி வேன் வச்சுக் கூட்டிப் போறா, செண்பகத்தோப்புக்கு. வா நாகஜோதி, வான்னு கையப் பிடிச்சு இழுத்தா. வரலைன்னுட்டேன்.

— போயிருக்கலாம்லக்கா.

— அந்தக் காட்டுக்குள்ள டவர் எடுக்காது. நீ ரோட்டப் பாரு. எம்புட்டு வேகத்துல போற?

— அம்பது.

— நாப்பதுல போ.

— சைக்கிள்காரன் முந்துறான்க்கா.

— முந்தட்டும். சொல்லதுக்கு அவனுக்கு அக்கா இல்ல போலுக்கு. ஒன் கூட்டாளிமாரு எங்க?

— முன்னால போயிட்டாங்க.

— ஒன்னைய விட்டுட்டா?

— விட்டுட்டுன்னு இல்ல. ரோடு பிரியுற எடத்துல எல்லாம் நிப்பாங்க.

— பெறகென்ன? தங்கமான பயலுக.

— நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஹெல்மெட்டக் கழத்தி, காப்பி குடிச்சு, சிரிச்சுப் பேசி முடிச்சிருப்பாங்க. என் தலையப் பாத்ததும் லார்ஸுன்னு ஒருத்தன் கையத் தூக்குவான். எல்லாரும் வண்டிய எடுத்துருவாங்க. நேத்துல இருந்து இப்படித்தான்.

— ஒனக்குக் காப்பி?

— நான் ஸ்டாண்டு போடும்போது அவங்க கெளம்பியாச்சு. எங்க குடிக்க?

— அடப் பாவிகளா! ஆண்டாள் தேரு பாக்க வந்தவன் தெருமுனைக்கு வாரதுக்குள்ள தேரு நெலைக்கு வந்த கதையால்ல இருக்கு.

— மூணாவது ட்ரிப்புக்கா இது. நான் எடுத்த படத்துல எல்லாம் அவங்க முதுகுதான் இருக்கு.

— தங்குற எடத்துல பேச மாட்டாங்களா?

— பேசுவாங்க. வழியில நடந்ததச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்காக இங்கிலீஷ்லதான் பேசுவாங்க, அதெல்லாம் நல்லவங்கதான். ஆனா சங்கதி வெளங்காது. நான் அப்ப அங்க இல்லையே.

— அதுக்குத்தான் சொல்லுதேன், ஊருக்கு வந்துருன்னு.

— கம்பெனில கேக்காங்க, இன்னும் மூணு வருசம் இருக்கியான்னு. நாளைக்குச் சொல்லணும். முடியாதுன்னுதான் சொல்லப் போறேன்.

— சொல்லிரு. மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வைக்கேன். ராஜபாளையத்துல இல்லாத வேலையா?

— ம்.

— என்ன ‘ம்’?

— ஒண்ணுமில்ல. நீ போன வையிக்கா. கொஞ்சம் வேகமாப் போனா அவங்களப் பிடிச்சிருவேன். சேர்ந்துட்டுக் கூப்பிடுறேன்.

— வைக்க மாட்டேன்.

— அக்கா...

— ஒங்க அத்தானும் இப்படித்தான் சொன்னாரு. ராஜபாளையத்துல வண்டிய எடுக்கையில கூப்பிட்டாரு. ‘சீவில்லிபுத்தூர் வந்து பேசுதேன், வையி’ன்னாரு. வச்சேன். வச்ச பொறவுதான லாரி வந்துச்சு?

— நீ வைக்காம இருந்தா லாரி வராதா?

— வராது.

— என்னக்கா பேசுற?

— வராதுலே. ஒன் வண்டிச் சத்தம் என் காதுல கேக்க வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் ஆகாது. நாப்பதுல போ.

— சரிக்கா. அந்தா, ரோடு பிரியுற எடம் தெரியுது.

— நிக்காங்களா?

— நிக்காங்க. லார்ஸ் கையத் தூக்கிட்டான்.

— நேராப் போயி அவன் வண்டிக்குக் குறுக்க நிறுத்து. ‘எனக்கு மட்டும் ஏன்டா காப்பி இல்ல’ன்னு வாயத் தொறந்து கேளு. பிள்ளப்பூச்சி மாதிரி நிக்காத.

— அதெல்லாம் எப்படிக்கா...

— போலே! நான் லைன்லதான் இருக்கேன்.

— சரி, இரு.

— விமலு? என்னலே சத்தம் அது? சிரிக்காங்களா? ஒன்னையப் பாத்தா சிரிக்காங்க? போன அவன்ட்ட குடு, நான் கேக்கேன்!

— வேண்டாம்க்கா. கேட்டுட்டேன்.

— என்ன சொல்லுதான்?

— ஹெல்மெட்டுக்குள்ள பேசுற செட்டு இருக்குக்கா. போற வழியெல்லாம் அவங்க அதுலதான் பேசிக்கிட்டே போறாங்க. சிரிப்பு, பாட்டு எல்லாம் அதுலதான். என் ஹெல்மெட்லயும் இருக்கு, போனுக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்.

— இருந்தா நீயும் பேசதுக்கு என்ன கொள்ள?

— போன் பேசுனா அது கேக்காதுக்கா. ரெண்டுல ஒண்ணுதான்.

— அப்ப நான் லைன்ல இருந்தா அவங்க பேச்சு கேக்காதா?

— ஒவ்வொரு வளைவுலயும் லார்ஸ் என் பேரச் சொல்லிக் கூப்பிடுறானாம். ‘விமல், வாரியா?’ன்னு. மொத ட்ரிப்புல இருந்து. பதிலே வராதாம்.

— பெறகு ஏன் ஒன்னையக் கண்டதும் ஓடுதாங்க?

— நான் தனியா வரத்தான் பிரியப்படுறேன்னு நெனச்சிருக்காங்க. கூட நின்னா எனக்குத் தொந்தரவுன்னு. பதில் இல்லாததால, ஆளு நல்லபடியா வாரானான்னு கண்ணால பாக்கத்தான் நின்னாங்களாம். பாத்ததும் கெளம்பிருக்காங்க.

— காப்பி குடுத்தாங்களா?

— கையில இருக்கு. சுடுது. எல்லாரும் ஹெல்மெட்டக் கழத்திட்டாங்க... அக்கா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். அந்தப் பய ஒழுங்காக் கூப்பிடுவானா, ஒவ்வொரு வளைவுலயும்?

— கூப்பிடுவான்க்கா.

— நாளைக்குக் கம்பெனிக்காரன்ட்ட என்ன சொல்லுவ?

— தெரியலக்கா. இப்பக் கேக்காத.

— கேக்கல. காப்பி ஆறுதுக்குள்ள குடி. குடிச்சிட்டு, போன நீயே கட் பண்ணுலே. என் கையி வர மாட்டேங்கு.