சட்டையில் ஒட்டிய ஜரிகை

எங்கள் பிளாண்ட்டில் டீ நன்றாக இருக்கும், ரூக்ஷார் மேடம். பால் நம்முடையது, தண்ணீர் கலக்க ஆள் கிடையாது. ஆறுவதற்குள் குடியுங்கள். நீங்கள் சில்லரின் கன்ட்ரோல் போர்டை சர்வீஸ் செய்ய வந்தவர். வந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லாமல் உங்களை அனுப்புவது மரியாதை இல்லை.

என் பெயர் தேவசகாயம், டோக்கன் நம்பர் 317. இந்த ஐயம்பேட்டைப் பால் பிளாண்ட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சில்லர் ஓட்டுகிறேன். உங்களுக்குத் தெரியாததா, அம்மோனியா தண்ணீரைக் குளிர வைக்கும், தண்ணீர் பாலைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். ஆனால் நாலு வருஷத்துக்கு முன் இந்தப் போர்டு வந்தது பாருங்கள், அன்றைக்கே எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். சம்பந்தம் பேச வந்த அத்தைமார் மாதிரி கேள்வி கேட்டே காரியத்தை நடத்தும். பம்ப் ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, எண்ணெய் அழுத்தம் சரியா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், மூன்று நிமிஷம் பொறுத்துக் கம்ப்ரசரை எழுப்பும். ஒன்றே ஒன்று இல்லை என்றாலும் நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கும். எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதியும் வைத்துக்கொள்ளும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நாம் பொய் சொன்னால் நம்பிவிடும், அந்த ஒரு குறைதான்.

போர்டை மாட்டிய கம்பெனிக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தார். எனக்கும் டேனியலுக்கும். டேனியல் தங்கமான பிள்ளை. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். பாடம் முடிந்ததும் பாஸ்வேர்டு ஒருத்தரிடம்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி, டேனியலையே நாலு எண் போட்டுக்கொள்ளச் சொன்னார். பாஸ்வேர்டு இல்லாதவன் போர்டைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. கட்டிய பெண்டாட்டியைப் பார்க்கலாம், பேசக்கூடாது என்கிற மாதிரி.

ஒருநாள் அவனிடம் பாஸ்வேர்டைக் கேட்டேன். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போயிருக்காங்க. என்னா மாத்தணும் சொல்லுண்ணே, நான் மாத்திக் குடுக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அப்புறம் ஆள் இல்லாத நேரத்தில் அவன் பிறந்த தேதி, கல்யாண நாள், குழந்தை பிறந்த நாள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை தப்பினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். நல்ல ரோஷக்காரப் போர்டு.

விபத்தைப் பற்றி ஃபைலில் படித்திருப்பீர்கள். போன தை மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே கால். டேனியல் டியூட்டி. குழாயில் தண்ணீர் ஓட்டம் குறைந்து, உள்ளேயே உறைந்து, குழாய் வெடித்து அம்மோனியா வெளியே வந்தது. பக்கத்துப் பேக்கிங் அறையில் பத்துப் பெண்கள். எல்லோரும் வெளியே ஓட, இவன் உள்ளே ஓடி வால்வை மூடினான். பெண்கள் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவனுக்குத்தான் கண் இரண்டும் போய்விட்டது.

தண்ணீர் ஓடாவிட்டால் நிறுத்தவேண்டிய போர்டு ஏன் நிறுத்தவில்லை? விசாரணைக்கு வந்தவர்கள் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் ஓட்டத்தைச் சொல்லும் சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு துண்டு ஜரிகை கிடந்தது. வெள்ளி ஜரிகை மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? தண்ணீர் ஓடினாலும் நின்றாலும் 'ஓடுகிறது, ஓடுகிறது' என்று போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

டேனியல் வீடு பிள்ளையார்பாளையம். அவன் மனைவி சுகாசினி தறிக்காரர்களுக்கு ஜரிகை சுற்றிக் கொடுக்கிறாள். இவன் சட்டையில் எப்போதும் நாலு இழை மினுக்கிக்கொண்டு வரும். "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு அவனே சொன்னான்: "என் சட்டையில ஒட்டிக்கினு வந்திருக்கும் சார். போர்டைத் துடைக்கிறப்ப விழுந்திருக்கும். என் தப்புதான்." அதற்குமேல் யார் போர்டின் குறிப்பைப் படிக்கப் போகிறார்கள்? அஜாக்கிரதை என்று எழுதி, அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் படித்துவிட்டீர்கள். விபத்துக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் பம்ப் நின்றிருக்கிறது; அதே நேரத்தில் தண்ணீர் ஓடுகிறது என்றும் போர்டு எழுதியிருக்கிறது, அது எப்படி என்று கேட்டீர்கள். அன்றைக்கு டேனியல் லீவு. இரண்டாவது குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் மட்டும்தான் இருந்தேன்.

பம்ப்பின் வடிகட்டியைக் கழுவுகிறேன் என்று நிறுத்தினேன். கழுவவில்லை. அது முழுக்க அடைத்துக்கொள்ள இன்னும் ஒரு நாள் ஆகும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். மூடியைத் திறந்து ஜரிகையை வைத்தேன். செம்புக் கம்பி வைத்திருக்கலாம், கைவசம் நிறைய இருந்தது. ஆனால் கம்பி யாருடையது என்று கேள்வி வரும். ஜரிகை முந்தின ஞாயிற்றுக்கிழமை டேனியல் வீட்டில் எடுத்தது. சுகாசினி வைத்த வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் போகிற வழியில் ஜரிகை சுற்றிய கட்டையிலிருந்து ஒரு சாண் பிய்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மின்சாரம் கடத்துகிறதா என்று மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஜரிகை வாயே திறக்காது. இது கீச்சென்று கத்தியது. சுத்தமான சரக்கு.

அவனுக்கு ஒரு மெமோ வந்தால் போதும், பாஸ்வேர்டு என் கைக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அம்மோனியா என்று தெரியாதா என்று கேட்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் மேடம். தெரியும்.

பாஸ்வேர்டு வந்தது. மேனேஜர் ஆஸ்பத்திரியில் டேனியலிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணன் டோக்கன் நம்பர்தான் சார். முன்னாடி ஒரு சைபர். அவருதானே எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தாரு" என்றான். பூஜ்யம், மூன்று, ஒன்று, ஏழு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மட்டும் நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் குறிப்பை நான் எப்போதோ அழித்திருக்கலாம். பாஸ்வேர்டுதான் இருக்கிறதே. மனம் வரவில்லை. போர்டு உண்மையை எழுதியிருக்கிறது, அதில் கை வைப்பது பாவம் இல்லையா? நீங்கள் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு வருத்தமில்லை. டேனியலிடம் மட்டும் சொல்லவேண்டாம், தாங்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்தான் அவனைக் கையைப் பிடித்துச் சர்ச்சுக்கு அழைத்துப் போகிறேன். முழங்கால் போட்டு, சட்டையை உதறாமல் வந்த குற்றத்தை மன்னியும் ஆண்டவரே என்று வாரா வாரம் அழுகிறான். பக்கத்தில் இருந்து நான் ஆமென் சொல்கிறேன். மழை, வெயில் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீ இல்லாங்காட்டி நான் என்னா ஆயிருப்பேன்" என்பான்.

நியாயம்தானே, மேடம். நான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகியிருப்பான்?